ஒரே ஸ்டேஷன் டயலில் இரண்டு இடத்தில், நடுவில் விமானப் பேச்சு: விஎச்எஃப் ரிசீவரில் எங்கே தப்பு?

செம்புக்கம்பி:

வணக்கம். 1191 ஐசி வைத்து டாட் போர்டில் (புள்ளி புள்ளியாகத் துளையிட்ட போர்டு) ஒரு எஃப்எம் ரிசீவர் கட்டியிருக்கிறேன். ஊர் திண்டுக்கல். விவரம் இதோ:

ஆசிலேட்டர் காயில் 21 கேஜ் எனாமல் கம்பியில், 5 மி.மீ. டிரில் பிட் மேல் 5 சுற்று, நீளம் 6 மி.மீ. ஆன்டெனா பக்கத்துக் காயிலும் அதே. இரண்டு காயிலின் காலும் போர்டைத் தொட ஒவ்வொரு பக்கமும் 1 செ.மீ. போல் இருக்கிறது. கேங் (டியூன் செய்யத் திருப்பும் கண்டென்சர்), பழைய பாக்கெட் ரேடியோவில் கழற்றியது. எஃப்எம் பகுதி 20 பிஎஃப் (பைகோஃபாரட்) இரண்டு. காயிலுக்கு இணையாக வேறு கண்டென்சர் எதுவும் இல்லை, கேங் முதுகில் இருக்கும் டிரிம்மர் (நுண்ணிய திருத்தத்துக்கான குட்டிக் கண்டென்சர்) முழுக்கத் திறந்திருக்கிறது. 10.7 மெகாஹெர்ட்ஸ் செராமிக் ஃபில்டர் ஒன்று, ஆன்டெனாவுக்கு 1 மீட்டர் ஒயர், 6 வோல்ட் அடாப்டர்.

பிரச்சினைகள்:

1. கொடைக்கானலிலிருந்து வரும் கோடை எஃப்எம் (100.5) டயலில் இரண்டு இடத்தில் வருகிறது. கேங் நன்றாக மூடிய பக்கம் ஒரு தரம், பாதிக்கு மேல் திறந்தபின் இன்னொரு தரம். மற்ற ஸ்டேஷன்கள் ஒரு இடத்தில்தான்.
2. இன்னும் திறந்தால் விமானி பேசுவது மாதிரி ஆங்கிலக் குரல், கரகரப்பாக. பதில் சொல்பவர் குரல் மட்டும் வருவதே இல்லை.
3. கையைக் கிட்டே கொண்டுபோனால் ஸ்டேஷன் ஓடிவிடுகிறது.
4. சத்தத்தைக் கூட்டினால் ஊளையிடுகிறது.

இதே காயிலைக் கொஞ்சம் இழுத்துவிட்டு 145 மெகாஹெர்ட்ஸ் அமெச்சூர் பேண்ட் கேட்க முடியுமா? ரிசீவருக்குள் என்ன நடக்கிறது என்று அடிப்படையிலிருந்து சொன்னாலும் சரி, படிக்கத் தயார்.

---

சால்டர்பேஸ்ட்:

ஃபில்டர் டூப்ளிகேட்டா இருக்கும். சிவப்புப் புள்ளி போட்டது வாங்கி மாத்துங்க, சரியாயிடும்.

---

பழைய கேங்:

ஃபில்டர் மேல் பழி போடவேண்டாம். ஃபில்டர் கெட்டிருந்தால் ஸ்டேஷன்கள் ஒன்றோடொன்று கலக்கும், இல்லை எல்லாமே மங்கும். பலமான ஒரே ஒரு ஸ்டேஷன் மட்டும் இரண்டாகப் பிரிந்து நிற்காது. (புள்ளியின் நிறம் தரத்தைக் காட்டுவதும் அல்ல. முராட்டா வரிசையில் சிவப்பு 10.70, கறுப்பு 10.64, நீலம் 10.67, ஆரஞ்சு 10.73, வெள்ளை 10.76. இரண்டு ஃபில்டர் போடுபவர் ஒரே நிறத்தில் ஜோடி பார்த்து வாங்கவேண்டும், அவ்வளவுதான்.)

தம்பி கொடுத்த அளவுகளிலேயே விடை இருக்கிறது. அதற்கு முன் அடிப்படை கொஞ்சம்.

30 முதல் 300 மெகாஹெர்ட்ஸ் வரை விஎச்எஃப். 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வரும். ஆகவே இந்தப் பட்டை 10 மீட்டரிலிருந்து 1 மீட்டர் வரை. எஃப்எம் ஒலிபரப்பு 108 வரை. அதையொட்டி விமானத்துக்கான பட்டை தொடங்குகிறது. 118-க்குக் கீழே வழிகாட்டும் கருவிகளின் சிக்னல், அதற்கு மேல் 137 வரை பேச்சு. அமெச்சூர் 2 மீட்டர் பேண்ட் நம் நாட்டில் 144 முதல் 146. கப்பல்கள் 156-க்கு மேல். அவசர அழைப்புக்கான 16-ஆம் சேனல் 156.8. விமானப் பேச்சு, உங்கள் எஃப்எம் பட்டைக்கு இவ்வளவு பக்கத்து வீடு என்பதை நினைவில் வையுங்கள்.

இனி ரிசீவர். 100 மெகாஹெர்ட்ஸில் நேராகவே பெருக்கி, நேராகவே வடிகட்டுவது கஷ்டம். ஒரு ஸ்டேஷனின் அகலம் 200 கிலோஹெர்ட்ஸ் சுமார். அந்த அகலத்துக்குக் கூர்மையாக, அதுவும் டயலோடு சேர்ந்து நகரும்படி ஒரு சர்க்யூட் கட்ட முடியாது. ஆர்ம்ஸ்ட்ராங் 1918-இல் கொண்டுவந்த சூப்பர்ஹெட்டரோடைன் முறை இதை வேறு விதமாகத் தீர்த்தது: ஃபில்டரை ஓர் இடத்தில் ஆணி அடித்து நிறுத்திவிட்டு, ஸ்டேஷனை அதனிடம் இழுத்து வா. இழுத்து வருவது உள்ளிருக்கும் ஆசிலேட்டரும் மிக்ஸரும். ஆசிலேட்டர் 111.2-இல் ஓடினால் 100.5-க்கும் அதற்கும் வித்தியாசம் 10.7. அந்த 10.7 மட்டும் செராமிக் ஃபில்டர் வழியாகப் போகும். அதன்பின் லிமிட்டர் ஏற்ற இறக்கத்தைச் சீவிவிடும், டிடெக்டர் அதிர்வெண்ணின் ஆட்டத்தைச் சத்தமாக மாற்றும்.

இங்கேதான் வில்லங்கம். மிக்ஸருக்கு வித்தியாசம் மட்டும்தான் தெரியும். எது மேலே, எது கீழே என்று தெரியாது. ஆசிலேட்டர் 89.8-இல் ஓடினாலும் 100.5-க்கு வித்தியாசம் 10.7-தான். ஆக 100.5 ஒரே ஸ்டேஷனுக்கு இரண்டு ஆசிலேட்டர் இடங்கள்: 111.2, 89.8. இடைவெளி 21.4.

சாதாரண ரேடியோவில் ஏன் இது தெரிவதில்லை? ஆசிலேட்டரை எப்போதும் மேல்பக்கம் ஓடவிட்டு 98.7 முதல் 118.7 வரைக்குள் கட்டிப்போட்டிருப்பார்கள். பட்டையின் அகலம் 20, 10.7-இன் இரு மடங்கு 21.4. ஒரு எஃப்எம் ஸ்டேஷனின் நிழல் (ஆசிலேட்டருக்கு மறுபக்கம் அதே 10.7 தள்ளி நிற்கும் இடம்) இன்னொரு எஃப்எம் ஸ்டேஷன் மேல் விழவே முடியாது. 10.7 என்ற எண் நிலைத்ததில் இந்தக் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

உங்கள் ஆசிலேட்டர் எங்கே ஓடுகிறது? நீங்கள் சுற்றிய காயில் 0.096 மைக்ரோஹென்றி. கால்களுக்கு 0.015 சேர்த்தால் 0.111. கேங் திறந்தால் 3 பிஎஃப், மூடினால் 20. போர்டும் ஐசி காலும் சேர்ந்து 10 என்று வைப்போம். மொத்தம் 13 முதல் 30. கணக்கு போட சுலப வழி: 25330-ஐ மைக்ரோஹென்றியாலும் பிஎஃப்-ஆலும் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் மெகாஹெர்ட்ஸ். மூடியபோது 87, திறந்தபோது 132. இருபது மெகாஹெர்ட்ஸ் ஓடவேண்டியது நாற்பத்தைந்து ஓடுகிறது. 89.8, 111.2 இரண்டுமே உள்ளே அடங்கிவிட்டன. கோடை எஃப்எம் இரண்டு தரம் வருவதற்குக் காரணம் இதுதான். மற்ற ஸ்டேஷன்கள் ஒரு தரம் மட்டும் வருவது, தவறான இடத்தில் உங்கள் ஆன்டெனா காயில் அவற்றை நசுக்கிவிடுவதால். கொடைக்கானல் டிரான்ஸ்மிட்டர் 10 கிலோவாட், அதுவும் உங்கள் தலைக்கு மேலே மலையில். அந்தப் பலத்தை ஒரு காயில் தடுக்காது.

விமானப் பேச்சும் இதே கதை. ஆசிலேட்டர் 112-இல் நின்றால் 101.3 மட்டுமல்ல, 122.7-உம் உள்ளே வரும்.

---

அலைநீளம்:

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பதில் சொல்பவர் குரல் வராதது தவறு அல்ல, அதுதான் அடையாளம். விஎச்எஃப் பெரும்பாலும் பார்வைக்கோட்டில் போகும் அலை. வளிமண்டலம் கொஞ்சம் வளைப்பதையும் சேர்த்து, தூரம் கிலோமீட்டரில் = 4.12 × உயரத்தின் வர்க்கமூலம் (உயரம் மீட்டரில், இரண்டு முனைக்கும் தனித்தனியாகப் போட்டுக் கூட்டவேண்டும்). 10,000 மீட்டரில் பறக்கும் விமானத்துக்கு 412 கி.மீ. தரையில் 20 மீட்டர் கோபுரத்துக்கு 18 கி.மீ. ஆகவே வானத்தில் இருப்பவர் குரல் உங்களுக்குக் கேட்கும், தரையில் இருப்பவர் குரல் கேட்காது.

கொடைக்கானலுக்கும் இதே கணக்குதான். ஏறத்தாழ 2,100 மீட்டர் என்றால் அடிவானம் 189 கி.மீ. அந்த 10 கிலோவாட்டைச் சமவெளியில் 100 மீட்டர் கோபுரத்தில் வைத்திருந்தால் 41 கி.மீ.-இலேயே அடிவானம் முடிந்திருக்கும். வாட்டை விட உயரம்தான் இந்தப் பட்டையில் காசு.

குரல் கரகரப்பாக வருவதற்குக் காரணம்: விமானங்கள் பேசுவது ஏஎம். உங்கள் லிமிட்டர் ஏஎம்-ஐச் சீவித் தள்ளுவதற்கென்றே இருப்பது. சிக்னல் பலவீனமாக இருந்து லிமிட்டர் முழுக்க வேலை செய்யாதபோதும், டியூனிங் சற்று விலகி நிற்கும்போதும் மிச்சம் மீதி கசிகிறது. அவர்கள் ஏன் இன்னும் ஏஎம்? எஃப்எம்-இல் பலமான சிக்னல் பலவீனமானதை அப்படியே விழுங்கிவிடும். இருவர் ஒரே நேரம் அழுத்தினால் ஒருவர் பேசியதே தெரியாது. ஏஎம்-இல் இரண்டும் மோதி விசில் கேட்கும். கட்டுப்பாட்டு அறைக்கு அந்த விசிலே தகவல்.

---

செம்புக்கம்பி:

நன்றி அண்ணா. இரண்டு இடத்தில் எது உண்மையான இடம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? என்னிடம் ஃப்ரீக்வன்சி மீட்டர் இல்லை, மல்டிமீட்டர் மட்டும்தான்.

---

காந்தக்குச்சி:

மீட்டர் வேண்டாம். டிஜிட்டலாக எண் காட்டும் ஒரு எஃப்எம் ரேடியோ போதும், போனில் இருக்கும் எஃப்எம் ஆனாலும் சரி. அதை 89.8-இல் வைத்து, ஆன்டெனா ஒயரை உங்கள் ஆசிலேட்டர் காயிலிலிருந்து ஒரு சாண் தள்ளி நீட்டுங்கள். உஸ் என்று இரையும். இப்போது உங்கள் கேங்கை மூடிய பக்கத்திலிருந்து மெல்லத் திருப்புங்கள். உங்கள் ஆசிலேட்டர் 89.8-ஐத் தாண்டும் அந்தக் கணம் போன் ரேடியோவின் இரைச்சல் பட்டென்று அடங்கி, மறுபடி கிளம்பும். அடங்கிய அந்த இடத்தில் உங்கள் செட்டில் கோடை எஃப்எம் பேசிக்கொண்டிருந்தால், அது கீழ்ப்பக்க ஆசிலேட்டரில் வரும் போலி இடம்.

ஆசிலேட்டர் எந்த அதிர்வெண்ணில் ஓடுகிறது என்று இதே வழியில் 108 வரைக்கும் அளந்துவிடலாம். சரியாகக் கட்டிய செட்டில் டயல் 90 என்றால் 100.7-இல் அடங்கவேண்டும், 97 என்றால் 107.7.

கருவியே இல்லாமல் இன்னொரு சோதனை: ஏஎஃப்சி. டிடெக்டரில் வரும் டிசி வோல்ட்டேஜ், ஆசிலேட்டர் நழுவினால் திருப்பி இழுக்கும். இழுக்கும் திசை, ஆசிலேட்டர் மேலே ஓடுகிறது என்று நம்பி வைக்கப்பட்டது. கீழே ஓடினால் திசை தலைகீழாகி, இழுப்பதற்குப் பதில் தள்ளும். உண்மையான இடத்தில் குமிழியைத் திருப்பும்போது ஸ்டேஷன் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். போலி இடத்தில் எதிலும் நிற்காமல் துள்ளும். கை பழகினால் இரண்டு விநாடியில் தெரிந்துவிடும்.

---

பழைய கேங்:

அருமையான சோதனை. இனி திருத்தம். கேங்கின் 17 பிஎஃப் ஆட்டத்தை நீர்க்கச் செய்யவேண்டும்: இணையாக நிலையான கண்டென்சர் போட்டு, காயிலைக் குறைக்க வேண்டும்.

ஆசிலேட்டர் பக்கம்: 22 பிஎஃப் இணையாக. மொத்தம் 35 முதல் 52. காயில் 3 சுற்று, அதே 5 மி.மீ. பிட், நீளம் 4 மி.மீ.; கால்களையும் சேர்த்து 0.051 மைக்ரோஹென்றி வரும். ஓட்டம் 98 முதல் 119.5. டயலில் 87.3 முதல் 108.8.

ஆன்டெனா பக்கம்: 20 பிஎஃப் இணையாக, 4 சுற்று, நீளம் 6 மி.மீ.

அந்த 22 பிஎஃப் சாதாரண பழுப்பு டிஸ்க்காக இருந்தால் அறை சூடேறும்போதெல்லாம் ஸ்டேஷன் நகரும். தலையில் கறுப்புப் பட்டை போட்ட என்பிஓ வகை கேட்டு வாங்குங்கள். கம்பி, மோட்டார் காயில் கட்டும் கடையில் எடை போட்டுத் தருவார்கள். எனாமலைப் பிளேடால் சுரண்டி, செம்பு தெரிந்தபின் ஈயம் பூசுங்கள். சுரண்டாமல் சால்டர் வைத்தால் மேலே உருண்டை நிற்கும், உள்ளே தொடர்பு இருக்காது. முதல் ரேடியோ பேசாமல் போவதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான்.

காலின் நீளத்தை அலட்சியம் செய்யாதீர்கள். 1 மி.மீ. கம்பிக்கு ஏறக்குறைய 0.8 நானோஹென்றி. மொத்தம் 51 நானோஹென்றியில் (0.051 மைக்ரோஹென்றி) உங்கள் இரண்டு கால்களும் சேர்ந்து 16 தின்றால் காயிலுக்கு மிச்சம் என்ன? காலை 3 மி.மீ.-க்கு மேல் விடவேண்டாம். பைபாஸ் கண்டென்சரிலும் இதே நோய். 0.01 மைக்ரோஃபாரட் டிஸ்க் கால்களோடு 10 நானோஹென்றி என்றால் 16 மெகாஹெர்ட்ஸிலேயே ரெசனன்ஸ் முடிந்து, 100-இல் அது கண்டென்சராக இல்லை, காயில். ஐசி சப்ளை காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 1 நானோஃபாரட்டை வேரோடு ஒட்டி வைத்து, அதற்கு இணையாக 0.1 மைக்ரோஃபாரட்டும் வையுங்கள்.

அலைன்மென்ட்: கீழ் முனை காயிலால், மேல் முனை டிரிம்மரால். கேங் மூடியிருக்கும்போது காயில் சுற்றுகளை நெருக்கியோ விலக்கியோ 88 பக்கத்தைச் சரி செய்யுங்கள். திறந்தபின் டிரிம்மரால் 108 பக்கம். ஒன்று மற்றதைக் கலைக்கும். மூன்று நான்கு தடவை மாறி மாறிச் செய்யவேண்டும். ஆசிலேட்டர் அமர்ந்தபின்தான் ஆன்டெனா பக்கம் கைவைக்கவேண்டும். அங்கே பலவீனமான ஸ்டேஷனைப் பிடித்து, சத்தம் தெளியும்படி. கோடை எஃப்எம்-ஐ வைத்து அலைன் செய்தால் ஒன்றுமே தெரியாது, எப்படி வைத்தாலும் அது முழங்கும்.

விலக்கினால் எவ்வளவு நகரும் என்பதற்கு: உங்கள் பழைய 5 சுற்றை 6 மி.மீ.-இலிருந்து 9 மி.மீ.-க்கு இழுத்தால் 0.096 என்பது 0.071 ஆகும். அதாவது 100-இல் இருந்தது 116-க்குப் போகும். அரை மில்லிமீட்டர் கூடப் பெரிய விஷயம். இரும்பு ஸ்க்ரூ டிரைவரால் தொடாதீர்கள். பல் குத்தும் மூங்கில் குச்சி போதும்.

---

காந்தக்குச்சி:

என் பெயருக்கு ஏற்ற ஒரு கருவியையும் சொல்லிவிடுகிறேன். காலி பேனா ரீஃபிலின் ஒரு முனையில் சின்ன ஃபெரைட் துண்டு, மறுமுனையில் பித்தளை ஸ்க்ரூ. காயிலுக்குள் ஃபெரைட்டை நுழைத்தால் இண்டக்டன்ஸ் கூடும், பித்தளையை நுழைத்தால் குறையும். ஆன்டெனா காயிலில் ஃபெரைட் முனைக்கு ஸ்டேஷன் தெளிந்தால் காயில் போதவில்லை, சுற்றுகளை நெருக்கு. பித்தளைக்குத் தெளிந்தால் விலக்கு. இரண்டு முனைக்கும் மங்கினால் கையை எடுத்துவிடு, அது சரியாக இருக்கிறது.

கை கிட்டே போனால் ஓடுவது: கேங்கின் நடுத்தண்டு கிரவுண்டில் இருக்கிறதா பாருங்கள். தண்டோடு சேர்ந்த கால் கிரவுண்டுக்கும், நகராத தகட்டின் கால் காயிலுக்கும் போகவேண்டும். மாற்றிக் கொடுத்திருந்தால் உங்கள் விரலே ஒரு கண்டென்சர். பிளாஸ்டிக் குமிழி போடுங்கள். டாட் போர்டின் அடியில் ஒரு துண்டு காப்பர் கிளாட் வைத்து, அதைக் கிரவுண்டுக்குச் சேர்த்தால் பாதி தொல்லை ஓயும்.

ஊளை: ஸ்பீக்கர் அதிர்வதில் காயில் நடுங்குகிறது. நடுங்கும் காயில் அதிர்வெண்ணை ஆட்டும், டிடெக்டர் அதைச் சத்தமாக்கும், சத்தம் மறுபடி காயிலை ஆட்டும். அலைன்மென்ட் முடிந்தபின், முன்னால் அல்ல, காயில் மேல் மெழுகுவர்த்தியைச் சொட்டு விடுங்கள். உறையும்போது கொஞ்சம் நகரும், அதை டிரிம்மரில் ஈடு கட்டலாம். ஸ்பீக்கரை போர்டிலேயே ஒட்டாமல் தனியாக வையுங்கள். கேங் ஸ்க்ரூவையும் இறுக்குங்கள்.

அடாப்டரைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு நான்கு பேட்டரி செல்லில் ஓட்டிப் பாருங்கள். ஸ்டேஷன் பிடித்தவுடன் மட்டும் ஹம் வந்தால் அடாப்டர் வழியாகத்தான் வருகிறது. வீட்டு எல்இடி பல்புகளை ஒவ்வொன்றாக அணைத்தும் பாருங்கள். மலிவான டிரைவர் உள்ள பல்பு இந்தப் பட்டை வரைக்கும் இரையும்.

---

இரைச்சல்:

இவ்வளவு பாடு எதுக்குங்க? கம்ப்யூட்டர்ல செருகி ரேடியோ கேட்கிற ஆர்டிஎல் எஸ்டிஆர் டாங்கிள் ஒண்ணு வாங்கினா 24 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1700 வரைக்கும் திரையிலேயே தெரியும். எஃப்எம், ஏஎம், நேரோ பேண்ட் எல்லாம் மவுஸ் கிளிக்கில். உங்க ஆசிலேட்டர் எங்க ஓடுதுன்னும் ஒரு கோடாத் தெரிஞ்சிடும்.

---

பழைய கேங்:

வாங்கலாம், அளக்கும் கருவியாக அதைவிட மலிவானது இல்லை. ஆனால் டாங்கிளும் இதே பள்ளத்தில் விழும். அதன் உள்ளே 8 பிட் கன்வர்ட்டர். கோடை எஃப்எம் மாதிரி பலமான சிக்னல் ஆன்டெனாவில் இருக்கும்போது கெயினை முழுக்க ஏற்றினால் 145-இல் பாட்டு கேட்கும். இல்லாத இடத்தில் ஸ்டேஷன் தெரிந்தால் கெயினைக் குறைத்துப் பாருங்கள். சட்டென்று மறைந்தால் அது போலி. கெயின் குறைவுக்கு ஏற்றபடி மட்டும் குறைந்தால் உண்மை. 88 முதல் 108 வரை வெட்டும் நாட்ச் ஃபில்டரை முன்னால் போடுவது திண்டுக்கல்லில் அவசியம் என்றே சொல்வேன்.

செம்புக்கம்பியின் கடைசிக் கேள்வி, 145. காயிலை இழுத்தால் அங்கே போகும், கேட்கவும் கேட்கும், ஆனால் மெலிசாக. ஒலிபரப்பு எஃப்எம் ஆட்டம் கூட்டல் கழித்தல் 75 கிலோஹெர்ட்ஸ். அமெச்சூர் எஃப்எம் 5. உங்கள் டிடெக்டர் 75-க்குத் தைத்த சட்டை. 5-க்குப் போட்டால் சத்தம் பதினைந்தில் ஒரு பங்கு. அதைவிட மோசம் இரைச்சல்: 15 கிலோஹெர்ட்ஸ் தேவைப்படும் சிக்னலுக்கு 280 கிலோஹெர்ட்ஸ் அகலக் கதவைத் திறந்து வைத்திருக்கிறீர்கள். இரைச்சல் 12.7 டெசிபெல் கூடுதலாக உள்ளே வரும். பக்கத்துத் தெரு ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) கேட்கும், தொலைவு கேட்காது.

ஒழுங்கான வழி இரட்டைக் கன்வர்ஷன். முதலில் 10.7, ஆனால் செராமிக்குக்குப் பதில் 15 கிலோஹெர்ட்ஸ் அகல கிரிஸ்டல் ஃபில்டர். பிறகு 10.245 கிரிஸ்டலில் ஓடும் இரண்டாவது ஆசிலேட்டர். வித்தியாசம் 455 கிலோஹெர்ட்ஸ். எம்சி3361 ஐசியில் அந்த ஆசிலேட்டர், மிக்ஸர், லிமிட்டர், டிடெக்டர், ஸ்கெல்ச் (சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடக்குவது) எல்லாம் உண்டு. ஏன் நேராகவே 455-க்கு இறங்கக்கூடாது? இறங்கினால் நிழல் 910 கிலோஹெர்ட்ஸ் தள்ளி மட்டுமே நிற்கும், 145-இல் எந்தக் காயிலாலும் அதைப் பிரிக்க முடியாது. 10.7-இல் நின்றால் நிழல் 21.4 தள்ளி, ஒரு காயில், கூர்மையைக் காட்டும் க்யூ எண் 30 என்று வைத்தால், 100 மெகாஹெர்ட்ஸில் அதை 21 டெசிபெல் நசுக்கும், இரண்டு காயில் அதன் இரட்டிப்பு. 145-இல் அதே இடைவெளி விகிதத்தில் சிறிது என்பதால் அங்கே இரண்டு காயில் கட்டாயம்.

கேங் வைத்து 145-இல் டியூன் செய்வதும் வேண்டாம். சேனல் 25 கிலோஹெர்ட்ஸ். குமிழியில் மூச்சு விட்டாலே தாண்டிவிடும். கிரிஸ்டலோ பிஎல்எல்லோ (ஆசிலேட்டரைப் பூட்டி நிறுத்தும் சர்க்யூட்) வேண்டும். கேட்பதோடு நிற்காமல் பேசவும் ஆசை வந்தால் ஏஎஸ்ஓசி (அமெச்சூர் நிலையம் இயக்குவதற்கான சான்றிதழ்) தேர்வு எழுதி உரிமம் எடுத்தபின்தான்.

---

அலைநீளம்:

ஆன்டெனாவையும் முடித்துவிடலாம். 1 மீட்டர் ஒயர் எந்தக் கணக்கிலும் வராத நீளம். கால் அலை = 71.25-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தது, மீட்டரில் (5 சதவீதக் குறைவையும் சேர்த்தே சொல்கிறேன்). 98-க்கு 73 செ.மீ., 145.8-க்கு 49 செ.மீ. சர்வதேச விண்வெளி நிலையத்தின் அமெச்சூர் சிக்னல் 145.800-இல் வரும், கேட்டுப் பார்க்க நல்ல இலக்கு.

மாடியில் வைப்பதென்றால் டைபோல்: 73 செ.மீ. கை இரண்டு, நடுவில் கேபிள் டிவிக்கு இழுக்கும் ஆர்ஜி 6. டைபோலின் 73 ஓம், கேபிளின் 75 ஓம், வேறு எதுவும் தேவையில்லை. கேபிளை ஆன்டெனா அடியில் ஐந்தாறு வளையம் சுற்றிக் கட்டுங்கள், கேபிளின் வெளிப்பின்னல் ஆன்டெனாவாக மாறாமல் இருக்கும். குத்தாக ஒரு தரம், படுக்கையாக ஒரு தரம் வைத்துப் பாருங்கள். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் மாறும்.

ராமேஸ்வரம் பக்கம் இருப்பவர்கள் டைபோலைக் கிழக்கே அகலம் காட்டி வையுங்கள். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் 30 கி.மீ. சுமார்தான், நடுவில் தடுக்க மலையோ கட்டடமோ இல்லை; இலங்கை எஃப்எம் உள்ளூர் போலவே விழும்.

---

செம்புக்கம்பி:

3 சுற்று, 22 பிஎஃப் என்பிஓ, காலை ஒட்ட வெட்டிவிட்டேன். போன் ரேடியோவை 89.8-இல் வைத்து முழுக்கத் திருப்பியும் இரைச்சல் அடங்கவே இல்லை. கோடை எஃப்எம் இப்போது ஒரே இடம், ஒட்டிக்கொண்டு வருகிறது. கேங் தண்டு தலைகீழாகத்தான் இருந்தது, மாற்றியாயிற்று. விமானப் பேச்சு மட்டும் 104 பக்கம் லேசாக இன்னும் இருக்கிறது.

---

பழைய கேங்:

104-உடன் 21.4 கூட்டுங்கள்: 125.4. அது உண்மையான நிழல், ஆசிலேட்டரால் போகாது. ஆன்டெனா காயில் ஒன்று மட்டும் இருக்கும்வரை கொஞ்சம் கசியும். ஒயரை 73 செ.மீ.-க்கு வெட்டி, காயிலின் மேல் முனையில் நேராகச் சேர்க்காமல் கிரவுண்டு பக்கத்திலிருந்து முதல் சுற்றில் டேப் எடுத்துச் சேருங்கள். நேராகச் சேர்த்தால் ஆன்டெனா காயிலின் கூர்மையைத் தின்றுவிடும். டேப் எடுத்த பிறகு 4 சுற்றையும் காந்தக்குச்சியின் ரீஃபிலால் ஒரு தரம் மறுபடி பார்த்துவிட்டு, மெழுகு அதற்கப்புறம்.